தூங்கும் கேப்புகள்

கடப்பேரி, தாம்பரம்
5-4-1987

கிறிஸ்துவுக்குள் அன்பான மச்சான் அவர்களுக்கு,

சாலமோன் எழுதுகிறேன். நானும் உங்கள் தங்கை ஜெயசீலியும் கர்த்தர் தயவால் சுகம். அவளுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. உங்கள் வீட்டில் ரத்தினபாய் அக்காவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டைத் துப்பாக்கிக் கடையில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் மச்சான் ஒருத்தர் எனக்கு இருந்தும், போன மாதம் எங்கள் பள்ளி ஸ்போர்ட்ஸ் டேயில் ஊர் முன்னால் மானம் போயிற்று. பிள்ளைகள் கோட்டில் குனிந்து நிற்கிறார்கள். "கெட் செட்" சொல்லி ரிவால்வரைத் தூக்கி விசையை அழுத்துகிறேன். க்ளிக். அவ்வளவுதான். இன்னொரு தடவை. மறுபடியும் க்ளிக். ஹெட்மாஸ்டர் மைக்கிலேயே சொல்கிறார், "மாஸ்டர், வாயாலயே டுமீல்னு சொல்லிடுங்க, நேரமாகுது" என்று. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஓட்டத்தைத் தொடங்கிவைக்க நான் சுடுவது குண்டில்லாத வெத்துத் தோட்டாதான், உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய பித்தளைக் கூட்டின் அடியில், அடிபட்டதும் பொறி கக்கும் கேப்பை நானே பதித்து, மருந்து போட்டு, மேலே கம்பளித்துண்டை வைத்து மூடுகிறேன். கூட்டிலும் குற்றமில்லை, மருந்திலும் இல்லை. குற்றம் முழுக்கக் கேப்பில். எந்தக் கேப் போட்டால் முதல் அடியிலேயே வெடிக்கும்? ஆகஸ்டில் மண்டலப் போட்டி. அதற்கும் நான்தான் ஸ்டார்ட்டர்.

இதில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையும் இருக்கிறது. பேபி என்று, ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகும் பெண். அனகாபுத்தூர். தகப்பன் இல்லை. அம்மா கனகவல்லி பம்மலில் தோல் கம்பெனியில் வேலை செய்கிறாள். மண்டலத்தில் இருநூறு மீட்டரில் முதலாவதாக வந்தால் பேபிக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. தவறினால் அம்மாவோடு தோல் கழுவப் போகவேண்டியதுதான்.

அவள் கிளம்புகிற வேகம் இந்த ஜில்லாவில் யாருக்கும் கிடையாது. எப்படி என்று கேட்டேன். "நீங்க சுடறதுக்கு முன்னாடி டக்குனு ஒரு சின்ன சத்தம் கீது சார். அத்தக் கேட்டுத்தான் நான் ஓடறேன்" என்றாள். ரிவால்வரின் குதிரை கேப்பின் மேல் விழுகிற சத்தம்! அதற்கும் வெடிக்கும் நடுவே கண் சிமிட்டவும் நேரமில்லை. என் காதுக்கே அது தனியாகக் கேட்டதில்லை. அவளுக்குக் கேட்கிறது.

ஆகவே நல்ல கேப்பாகப் பார்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை,
சாலமோன்


பாளையங்கோட்டை
16-4-1987

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகமே. உங்கள் ரத்தினபாய் அக்கா சர்க்கரையை விட்டுவிட்டாள், அல்வாவை விடவில்லை. தங்கச்சி முட்டிக்குத் தைலம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கடிதம் படித்து நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். வாயாலே டுமீல்! இருந்தாலும் உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் போட்டது ரைபிள் கேப்பாக இருக்கும். அதன் தகடு தடிப்பு. உங்கள் ரிவால்வரோ கிழடு, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தளர்ந்த ஸ்பிரிங்குக்கு மெல்லிய தகட்டுக் கேப்தான் சரி. தட்டினாலே முழித்துக்கொள்ளும். அடுத்தது, கேப் கூட்டுக்குள் சமமாக உட்கார வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகிவிடும். மூன்றாவதுதான் முக்கியம். எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் பட்ட கேப் ஒன்று செத்துப்போகும், இல்லாவிட்டால் தூங்கும். செத்தது நல்லது, தூங்குவதுதான் ஆபத்து. குதிரை விழுந்து, சத்தமில்லை என்று நினைத்துத் திருப்பும்போது வெடிக்கும். ஆகையால் க்ளிக் என்றால் கையை அப்படியே வானத்தைப் பார்த்துப் பிடித்தபடி முப்பது வரை எண்ணுங்கள். எங்கள் தொழிலில் இதை மறந்தவன் விரல்களோடு இருக்கமாட்டான்.

மே மாதம் எங்கள் சபையின் அசன விருந்துப் பண்டிகைக்குக் குடும்பத்தோடு வருகிறீர்கள் அல்லவா? லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து வாருங்கள். முதல்தரமான மெல்லிய கேப், புது டப்பா, உங்கள் கையில் தருவேன். அந்தப் பெண் ஜெயித்தால் அதில் பாதிப் பெருமை இந்த தயாளனுக்கு, இப்போதே சொல்லிவிட்டேன்.

தங்கச்சிக்கு அன்பு.

தயாளன்


கடப்பேரி
28-8-1987

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கு இருவரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். பண்டிகைக்கு வந்து திரும்பியபின் எழுதவில்லை, மன்னிக்கவும். வேலை.

நீங்கள் தந்த டப்பாவைத்தான் உபயோகிக்கிறேன். ஜூன், ஜூலை பயிற்சியில் பெரும்பாலும் நன்றாகவே வெடித்தன. 22-ஆம் தேதி மண்டலப் போட்டி முடிந்தது. அன்றைக்கு ஒன்றிரண்டு கேப் சற்று யோசித்துவிட்டு வெடித்தது போலத் தோன்றியது. என் பிரமையாகவும் இருக்கலாம். டப்பாவில் பழைய சரக்கு ஏதாவது கலந்திருக்க வழியுண்டா? சும்மா கேட்கிறேன்.

பெண்கள் இருநூறு மீட்டரில் ஒரு பெண் இரண்டு தடவை வெடிக்கு முன்னால் ஓடிவிட்டாள். இரண்டு தடவை முந்தினால் வெளியேற்ற வேண்டும் என்பது விதி. வெளியேற்றினேன்.

ஜெயசீலி வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட முடியவில்லை. வெயிலில் நின்றதுதான் காரணமாயிருக்கும்.

அக்காவுக்கு விசாரிப்பு.

சாலமோன்


பாளையங்கோட்டை
1-9-1987

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இன்று காலைதான் கடிதம் வந்தது. உடனே எழுதுகிறேன். இங்கு சுகம், அங்கும் சுகம் என்று அறிந்து சந்தோஷம்.

டப்பா புத்தம் புதியது. சந்தேகமே வேண்டாம். உங்கள் பக்கம் கடற்காற்று, ஈரம் அதிகம். கேப்பை அடுக்களை அலமாரியில் வைத்தீர்களா? அரிசி டப்பாவில் புதைத்து வையுங்கள், காய்ந்துவிடும். பிரமை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவாகத்தான் இருக்கும். ஆயிரம் பேர் கத்துகிற மைதானத்தில் யாருக்கு எது எப்போது கேட்டது என்று எப்படிச் சொல்வது?

இங்கே மழை இல்லை. தாமிரபரணியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நவம்பரில் வைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். முதலாளி மகனுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

தயாளன்


கடப்பேரி
19-10-1987

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

சுகத்தைப் பற்றி என்ன எழுதுவது. உடம்பு சுகம்.

வெளியேற்றிய பெண் யாரென்று நான் எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை. பேபிதான் மச்சான்.

முதல் தடவை அவள் ஓடியதும் விசில் ஊதிக் கூப்பிட்டேன். திரும்பி வந்து நாலாம் லேனில் குனிந்தாள். இரண்டாம் தடவையும் அதேதான். அவள் இரண்டு எட்டு வைத்தபிறகுதான் வெடித்தது. என் அருகில் வந்து, "சார், டக்குனு கேட்டுச்சு சார். சத்தியமா கேட்டுச்சு" என்றாள். வெளியே போ என்று நான் கையை நீட்டினேன். எனக்குக் கோபம் மச்சான். என் பள்ளிப் பிள்ளைக்கு நானே சலுகை காட்டுகிறேன் என்று மற்ற மாஸ்டர்கள் சொல்லிவிடக்கூடாதே என்ற பயம். அந்தப் பயத்தில் நீட்டிய கை அது.

மற்றவர்கள் ஓடி முடித்தபின் யாரும் சொல்லாமலே பேபி நாலாம் லேனில் தனியாக ஓடினாள். வளைவைத் தாண்டி, முடிவுக்கோட்டைத் தாண்டி, கேட்டையும் தாண்டி ஓடிப்போனாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரம் பக்கம் வெறுங்காலோடு ஓடியதை ஒரு டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். அதற்குமேல் யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, தண்டவாளம், அடையாற்றங்கரை எல்லாம் தேடியாகிவிட்டது. இரண்டு மாதம் ஆகிறது.

நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் முந்தினாளா, கேப் பிந்தியதா? அது தெரியாமல் எனக்குத் தூக்கம் இல்லை. அதனால் போன சனிக்கிழமை விடிந்ததும் ஆளில்லா மைதானத்துக்குப் போய் உங்கள் டப்பாவில் மிச்சமிருந்ததைச் சோதித்தேன். ஐந்து உடனே வெடித்தன. ஆறாவது, க்ளிக். நீங்கள் சொல்லித்தந்தபடி கையைத் தூக்கிப் பிடித்து எண்ணத் தொடங்கினேன்.

நாலு எண்ணுவதற்குள் காலடிச் சத்தம் கேட்டது. வெறுங்கால். நாலாம் லேனில். புறப்படும்போது மண்ணைப் பறிக்கும் அந்த முதல் உதை, அப்புறம் ஐந்தாறு எட்டு. பின்னர் தோட்டா வெடித்தது, சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தால் ஒருவருமில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகள் ஓடுவதைக் கேட்கிற காது இது.

டப்பாவைப் பற்றி மறுபடியும் கேட்கிறேன். தயவுசெய்து யோசித்துப் பதில் எழுதுங்கள்.

சாலமோன்


கடப்பேரி
9-11-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயசீலி எழுதுவது. மதினிக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா? கட்டு அவிழ்க்கும்வரை அடுப்புப் பக்கம் விடாதீர்கள்.

இவர் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. தபால்காரர் வருகிற நேரம் வாசலிலேயே நிற்கிறார். விடிந்ததும் ரிவால்வர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுகிறார். பள்ளியில் சுண்ணாம்புக்கோடு போடும் ஸ்ரீரங்கன் நேற்று வீட்டுக்கு வந்தான். "அம்மா, சாரு பாட்டுக்கு வெறும் கிரவுண்டப் பாத்துச் சுட்டுகினு கீறாரு. அது கூடப் பரவால்ல. நான் போட்ட கோடுல நாலாவது லேன்ல மட்டும் சுண்ணாம்பு மிதிபட்டுகினு கீது. சின்னக் காலு. எனுக்கு பேஜாராக் கீதும்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அண்ணன், ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பண்டிகைக்கு வந்திருந்தபோது, மறுநாள் காலை நீங்கள் பின்வாசலில் உட்கார்ந்து பழைய வேட்டித் துணியில் எதையோ ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு புது டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் துணியை மூடினீர்கள். அன்று மத்தியானம் இவர் கையில் டப்பா கொடுத்தீர்கள். இதை இன்னும் இவரிடம் நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
ஜெயசீலி


பாளையங்கோட்டை
27-11-1987

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அதனால்தான் பதில் தாமதம். தங்கச்சியின் கடிதமும் வந்தது. அவளுக்குத் தனியாக எழுதுகிறேன் என்று சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்து மனம் பாரமாயிற்று. கர்த்தர் அவளைப் பத்திரமாக எங்கேயோ வைத்திருப்பார். நீங்கள் வீணாக மனதை அலட்டிக்கொள்ளாதீர்கள். மிச்சமிருக்கும் கேப்புகளை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு எங்காவது புதைத்துவிடுங்கள். நான் வேறு டப்பா தருகிறேன். இந்தத் தடவை முதலாளி பார்க்க, சீல் உடைக்காமல்.

சபை மாறி நின்று ஜெபித்தால் மனம் ஆறும் என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு இங்கே வாருங்கள்.

தயாளன்


கடப்பேரி
6-1-1988

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை. வருஷக் கடைசியில் முதலமைச்சர் காலமானதில் இங்கே ஊரே அடைத்துக் கிடந்தது, பஸ்ஸும் ஓடவில்லை, ரயிலும் ஓடவில்லை.

நீங்கள் தருவதாகச் சொன்ன புது டப்பா வேண்டாம். அதே டப்பாவில் உள்ளதைப் போல இன்னும் கிடைக்குமா? கிடைத்தால் எத்தனை இருந்தாலும் அனுப்புங்கள். ஆச்சரியப்படாதீர்கள். நல்ல கேப்பாக ஆறு, நண்பர் ஒருவரிடம் கைமாற்று வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். எல்லாம் உடனே வெடித்துவிடுகின்றன. அவளுக்கு ஓட இடமே இல்லை. தூங்குகிற கேப் போட்டால்தான் குதிரைக்கும் வெடிக்கும் நடுவே ஒரு சந்து கிடைக்கிறது. அந்தச் சந்தில்தான் அவள் ஓடுகிறாள்.

முதலில் ஐந்தாறு எட்டு என்று எழுதினேன் அல்லவா? நவம்பரில் வளைவின் பாதிவரை போனாள். போன ஞாயிறு, ஆராதனைக்குப் போகும் முன், வளைவு முழுவதும் ஓடி நேர்ப்பாதையில் திரும்பியே விட்டாள். அவள் மூச்சுகூடக் கேட்டது. இன்னும் இருபது மீட்டர் மச்சான், கோட்டைத் தொட்டிருப்பாள். பாழாய்ப்போன கேப் அதற்குள் முழித்துக்கொண்டது.

நேற்று ஒன்று முப்பது எண்ணியும் வெடிக்கவில்லை. செத்ததா, தூங்குகிறதா என்று தெரியவில்லை. ரிவால்வரை இறக்கிக் காதோரம் வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ புகைகிற மாதிரி மெல்லிய சத்தம். முகத்தை விலக்கிய மறுநொடி வெடித்தது. வலது காது இன்னும் அடைத்திருக்கிறது, கிருதா கொஞ்சம் கருகிவிட்டது. ஜெயசீலியிடம் ஸ்டவ் பற்றிக்கொண்டது என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

டப்பாவில் இனி இரண்டுதான் இருக்கின்றன. சீக்கிரம் ஏற்பாடு செய்யுங்கள்.

சாலமோன்


பாளையங்கோட்டை
11-1-1988
(எக்ஸ்பிரஸ் டெலிவரி)

சாலமோன்,

அந்த ரிவால்வரைத் தொடாதீர்கள். வெத்துத் தோட்டாதானே என்று நினைக்காதீர்கள். காதோரம் வெடித்தால் மருந்துக் காற்றே மண்டையைப் பிளந்துவிடும். கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் தங்கச்சிக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நான் சொல்லிவிடுகிறேன். கேப் பிந்தியது. அவள் முந்தவில்லை.

போன வருஷம் கடைக் கிடங்கில் துப்பாக்கி எண்ணெய் டின் ஒன்று கவிழ்ந்து, கீழே இருந்த கேப் பெட்டி முழுக்க ஊறிவிட்டது. அழித்துவிடு என்று முதலாளி என்னிடம் ஒப்படைத்தார். புதுச் சரக்கு வரவில்லை. நீங்கள் குடும்பத்தோடு வந்து நிற்கிறீர்கள். பந்தியில் எல்லார் முன்னாலும், "மாப்பிள்ளைக்கு முதல்தரமான கேப் என் பொறுப்பு" என்று வாய் கிழியப் பேசிவிட்டேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருஷம் கடையில் இருப்பவன் கேவலம் ஒரு டப்பா கேப் கொடுக்க முடியாதவனா என்று ஆகிவிடுமே! ஊறின பெட்டியிலிருந்து பார்வைக்கு நன்றாக இருந்ததைப் பொறுக்கித் துடைத்து, புது டப்பாவில் போட்டுத் தந்தேன். அதற்கு முன் பத்து அடித்துப் பார்த்தேன். எட்டு உடனே வெடித்தன. இரண்டு தூங்கி எழுந்தன. பிள்ளைகள் ஓடுகிற பந்தயம்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். சுடுகிறவர் உங்களுக்கே கையில் வெடித்திருக்கலாம், அதையும் நினைக்கவில்லை.

நீங்கள் ஆகஸ்டில் கேட்டீர்கள். அக்டோபரில் கேட்டீர்கள். ஈரம் என்று எழுதினேன். தங்கச்சி கேட்டாள். அவளுக்கு எழுதவே இல்லை.

ஒரே ஒரு மன்றாட்டு. யாரிடமாவது சொல்வதாயிருந்தால் கேப் ஈரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும், லைசென்ஸ் விவகாரம் போலீஸ்வரை போகும். அக்காவுக்கு இன்னொரு கண்ணும் பாக்கி இருக்கிறது.

தயாளன்


கடப்பேரி
15-2-1988

தயாளன் மச்சானுக்கு,

நாங்கள் சுகம். அக்கா சுகத்துக்கு எழுதவும்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். உங்களைத் திட்டி எழுதியது இரண்டு. என்னைத் திட்டி எழுதியது இரண்டு. நீங்கள் தந்தது கெட்ட கேப் என்றால், குதிரை விழுந்ததற்கும் வெடித்ததற்கும் நடுவே என் கையில் ஒரு வெறுமை தெரிந்ததே, அதை உணர்ந்தும் விசில் ஊதியவன் நான். ஆகவே இதில் பாதி என்னுடையது.

விளையாட்டுக் கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்டார்ட்டரின் தவறு, ஓடியவள் மீது குற்றமில்லை என்று. இனி என்னை எங்கும் ஸ்டார்ட்டராகப் போடமாட்டார்கள். அது போகட்டும்.

அப்புறம் அனகாபுத்தூருக்குப் போனேன். கனகவல்லி அம்மாள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். பேபி தப்பு செய்யவில்லை, தப்பு துப்பாக்கியில் போட்ட கெட்டுப்போன டப்பா மருந்தில் என்று. அவள் அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இத்த எப்ப சார் கண்டுபுடிச்சே?"

"போன மாசம்தாம்மா நிச்சயமாத் தெரிஞ்சது."

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் பொண்ணு வூட்டுக்கு வந்திருப்பாளே சார். வெவரம் தெரியாத பொண்ணு, நாம தப்பு பண்ணிட்டோம், அம்மா அடிக்கும்னு எங்கியோ ஓடிகினே கீதே. நான் அடிச்சதே இல்ல சார் அவள. ஒரு நாளுகூட அடிச்சதில்ல."

அப்போதுதான் உடைந்தாள். நானும் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன் மச்சான். எனக்கு வெட்கமில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள், "அந்த மருந்து டப்பாவ யாரு சார் குடுத்தது?"

நீங்கள் கேட்டபடி உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொந்தக்காரர் ஒருத்தர் என்று மட்டும் சொன்னேன்.

"அவருக்கு முன்னமே தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது. "அந்தாள வரச் சொல்லு சார். எம் மூஞ்சியப் பாத்து ஒரு தபா சொல்லட்டும். அடிக்க மாட்டேன், போலீசுக்குப் போவ மாட்டேன். சொன்னாப் போதும்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் மைதானத்துக்குப் போனேன். டப்பாவில் இருந்த கடைசி இரண்டையும் அடித்தேன். இரண்டும் தூங்கின. முதலாவது பதினொன்று எண்ணியபின் வெடித்தது, மற்றது பத்தொன்பதில். காலடி இல்லை. மூச்சு இல்லை. நாலாம் லேனில் ஒரு மைனா மேய்ந்துகொண்டிருந்தது. அவள் என்னை விட்டுப் போய்விட்டாள். எங்கே போனாள் என்று தெரியவில்லை. ரிவால்வரைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன்.

ஜெயசீலி உங்களுக்கு எழுதமாட்டேன் என்கிறாள். கொஞ்ச நாள் பொறுங்கள்.

சாலமோன்


பாளையங்கோட்டை
9-3-1988

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்கா சுகம். நான் சுகமில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து மடித்து, வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு, போகமாட்டேன் என்று முடிவு செய்தேன். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு அம்மாளுக்கு என் முகம் எதற்கு என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்லுகிறேன்.

பிப்ரவரி 22, திங்கள், காலை பதினொரு மணி. கடையில் நல்ல வெளிச்சம். வல்லநாட்டிலிருந்து பண்ணையார் ஒருவர் ரிவால்வரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்திருந்தார். ஸ்பிரிங் மாற்றி, வெறும் கூட்டில் கேப் மட்டும் பதித்து மணல் வாளியில் அடித்துக் காட்டினேன். புதுச் சரக்கு, சீல் உடைத்தது அப்போதுதான். டக்கென்று வெடித்தது. தூங்கவில்லை, சந்து எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் கேட்டது. தெருவில், வடக்கேயிருந்து, வெறுங்கால் ஓடிவரும் சத்தம். பந்தய ஓட்டம் இல்லை மாப்பிள்ளை. நெடுந்தூரம் ஓடிக் கால் தேய்ந்தவர்கள் நிறுத்தமுடியாமல் ஓடுவார்களே, அந்த ஓட்டம். கடைப்படி ஏறியது. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. அப்புறம் மூச்சு. இரைக்க இரைக்க வாங்குகிற மூச்சு.

நான் மட்டும் கேட்டிருந்தால் பிரமை என்பேன். வல்லநாட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "யாருவே அது, இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டார். படியில் ஒருவரும் இல்லை. அவர் ரிவால்வரை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அது போகவில்லை. நான் பில் எழுதினால் எதிரே நின்று மூச்சு வாங்குகிறது. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் பின்னாலேயே வருகிறது. அக்கா என் தட்டோடு இன்னொரு தட்டும் வைத்துவிட்டு, "வாசலில் யாரு நிக்கா? உள்ளே கூப்பிடுங்க" என்கிறாள். மூன்றாம் நாள் நான் கடையை உள்பக்கம் தாழிட்டு, அந்த இடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "தப்பு என்னுடையது தாயி. நீ முந்தவில்லை." மூச்சு ஒரு கணம் நின்றது. நான் ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தேன். மறுபடி தொடங்கிவிட்டது. என்னிடம் சொல்லி என்ன பயன் என்பது போல.

எங்கே சொல்லவேண்டும் என்று எனக்கும் தெரியும். முதலாளியிடம் நேற்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இனி நான் கடைக்குப் போகவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். சனி காலை தாம்பரத்தில் இறங்குவேன். என்னை அனகாபுத்தூருக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் வாசலில் நின்றால் போதும், நானே பேசுகிறேன்.

இன்று டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பக்கத்தில் பார்த்தார், "ரெண்டா?" என்று கேட்டார். ஒன்று என்றேன்.

கனகவல்லி அம்மாளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சனிக்கிழமை வேலைக்குப் போகவேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். நான் தனியாக வரவில்லை.

தயாளன்